மிஸ்டு கால் நாள்

இடது கை நாள் அன்னைக்கு எங்க வாகைக்குடியில விடிஞ்சு எந்திரிச்ச அத்தனை பேரும் இடது கைக்காரங்களாத்தான் எந்திரிச்சாங்க, பல்லு வெளக்கப் போனது இடது கை, வாசல் தெளிச்சது இடது கை, டீ மாஸ்டர் நாவரசு ஆத்துன டீ கூட இடப்பக்கமா இறங்குச்சு, வலது கை பாட்டுக்குத் தோள்ல இருந்து சும்மா தொங்கிட்டுக் கெடந்துச்சு, அன்னைக்குன்னு பாத்து முகூர்த்த நாள் வேற, மேலரத வீதி மண்டபத்துல மாப்பிள்ளை இடது கையால தாலி கட்டுறாரு, ஐயர் இடது கையால அட்சதை குடுக்காரு, பந்தியில சாம்பார் ஊத்துறவனும் இடது கை, பெசஞ்சு திங்கிறவனும் இடது கை, பொண்ணோட தாய்மாமன் மட்டும் இதென்ன கண்றாவின்னு இலைய விட்டு எந்திரிச்சுப் பாத்தாரு, பசி பொறுக்கல, அரை மணி நேரத்துல அவரும் வந்து உக்காந்து இடது கையாலயே பாயசத்த வழிச்சுச் சாப்பிட்டுப் போனாரு. பொழுது அடைஞ்சதும் வலது கைக்கு உசுரு வந்துருச்சு. மறுநாள் டீக்கடையில அடுத்து என்ன நாள் வருதுன்னு கேட்டாங்களே தவிர, இது ஏன் வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.

அந்த நாள ஊருக்குள்ள கொண்டு வந்தது பாக்கியத்தாய் அக்கா. அதுக்குக் கார்டு அடிச்சுக் குடுத்தது நான். என் பேரு சந்தனராசு, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல நியூ விக்டரி டிஜிட்டல்ஸ்னு ஒரு ஃப்ளெக்ஸ் கடை போட்டிருக்கேன், காதணி விழா, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரங்க வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே மிஷின்லதான் வரும், மூஞ்சிய வெளுப்பாக்கிக் குடுக்கறதுல இந்த ஏரியாவுல என்னைய அடிச்சுக்க ஆளில்ல. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு என் பொண்டாட்டி சொல்லுவா, பொய்யில்ல. ஆனா பேச வேண்டிய எடத்துல ஒரே ஒரு தடவ வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன், அத இன்னிக்கு வரைக்கும் என்னால செரிக்க முடியல.

மூணு வருசம் இருக்கும், அக்கா வீட்டுக்காரர் சீனிவேல் அண்ணாச்சி, அதான் என் கடைக்கு எதிர் வரிசையில பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் விக்கிறவரு, ஒரு போட்டோவக் கொண்டாந்து என் டேபிள்ல வச்சாரு. அவரோட ஒரே மக மஞ்சரி. முந்தின நாள்தான் அந்தப் பிள்ளை திலகன்கிற பையனோட திருப்பூருக்குப் பஸ் ஏறியிருந்துச்சு, பையன் வேற சாதி, பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, பொண்ணு இப்படிப் போயிட்டா வீட்டுல எல்லாரும் தலை முழுகிட்டு, அவ செத்துட்டான்னு பேனர் கட்டி, பதினாறாம் நாள் சோறும் போட்டு முடிச்சிருவாங்க, அவ அங்கிட்டு உசுரோட குத்துக்கல்லாட்டம் இருப்பா, இங்கிட்டு அவளுக்கு மாலை விழுந்திரும்.

"ஆறடிக்கு நாலடி பேனர், கண்ணீர் அஞ்சலி"ன்னாரு அண்ணாச்சி.

"தேதி என்ன போடணும் அண்ணாச்சி?"

"நேத்து."

இம்புட்டுதான் நாங்க பேசுனது. வேண்டாம் அண்ணாச்சி, நல்லாருக்கிற பிள்ளை, அப்படின்னு ஒரு வார்த்தை நான் சொல்லல, பாவி, தாடைப் பக்கம் நிழல் விழுந்திருக்குன்னு அந்தப் பிள்ளை மூஞ்சிய இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வாசல்ல அந்தப் பேனர் வெயில்ல சாயம் போற வரைக்கும் தொங்குச்சு. அன்னைக்கே அண்ணாச்சி அக்கா போன்ல இருந்த சிம்மைக் கழட்டி ஒடிச்சுப் போட்டுட்டு வேற நம்பர் வாங்கிக் குடுத்தாரு.

அக்கா எங்க ஊர்க் கிளை நூலகத்துல பகுதி நேர வேலை பாக்காங்க. மஞ்சரி காலேஜ் படிக்கிறப்ப 'வாகைக்குடி வாசல்'னு ஒரு பிளாக் ஆரம்பிச்சு, ஊருக்கு என்னிக்குத் தண்ணி வரும், எந்தக் கோயில்ல கொடைத் திருவிழா, எந்தத் தெருவுல நாய்த்தொல்லைன்னு எழுதிட்டு இருந்துச்சு, அதுக்கு ஃபேஸ்புக்ல ஒரு பக்கமும் வச்சிருந்துச்சு. நூலகத்துக் கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் அத்தனையும் எழுதும், அதனால பாஸ்வேர்டு அதுலயே கெடந்துச்சு. மக போன பதினேழாம் நாள் அக்கா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒத்தை விரலால தட்டித் தட்டி, நூலகத்துல கரையான் புடிச்சிருக்குன்னு ஒரு பதிவு போட்டாங்க. அன்னையில இருந்து ஒரு நாள் விடல.

"அவ ஆரம்பிச்சது தம்பி இது. எட்டிப் பாக்காம இருக்க மாட்டா. ஒரே ஒரு லைக் போட்டாப் போதும், எங்கிட்டோ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிடுவேன்"னு ஒரு நாள் எங்கிட்டச் சொன்னாங்க. அந்த ஃபேஸ்புக் பக்கத்துக்கு மொத்தம் அறுபத்திரண்டு பேரு. அதுல பாதி பேரு எங்க ஊர்க்காரனே, வேலவெட்டி இல்லாதவன்.

ரெண்டு வருசம் ஓடிருச்சு. ஒரு தடயமும் இல்ல. இந்த வருசம் பங்குனியில அக்கா என் கடைக்கு வந்து, "தம்பி, இது இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னா என்ன செய்யணும்? திருப்பூர் வரைக்கும் போகணும்"ன்னாங்க. ஊர் உலகத்துல இப்ப ரீச்சு கூட்டுறதுக்கு என்ன பண்றாங்கன்னா, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கிறுக்குக் கோட்டி நாளு வச்சிருக்காங்கக்கா, கொட்டாவி நாள், காலுறை நாள், கொடை நாள்னு வாய்க்கு வந்ததுக்கெல்லாம் ஒரு நாளு, அந்தந்த நாளுக்கு ஒரு கார்டு போட்டு, நீங்க எப்பிடின்னு ஒரு கேள்வி கேட்டுட்டா சனம் வரிசையா வந்து பதில் எழுதும், எழுத எழுத அது தூரமா போகும், கார்டு நான் அடிச்சுத் தாரேன் அப்படின்னேன். காசு கீசுன்னு பேச்செடுத்தாங்க, அதெல்லாம் மூச்சு விடக்கூடாதுன்னுட்டேன். எதுக்குச் செஞ்சேன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

இடது கை நாள்தான் மொதல்ல போட்டது. மண்டபத்துல மாப்பிள்ளை இடது கையால தாலி கட்டுன போட்டோவ அக்கா சாயங்காலம் ஏத்துனாங்க, வெளியூர்க்காரன் எல்லாரும் ஏதோ கம்ப்யூட்டர் வேலைன்னு நெனச்சுச் சிரிச்சான், நாலாயிரம் லைக்கு விழுந்துச்சு. மறுநாள் நூலகம் திறந்ததுல இருந்து சாத்துற வரைக்கும் அக்கா அந்த நாலாயிரம் பேரையும் திரையில விரல வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. மஞ்சரி இல்ல. திலகனும் இல்ல.

அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. கிழக்க ரயில்வே கேட்டுக்கும் மேற்க பைபாஸுக்கும் நடுவுல, சூரியன் உதிச்சதுல இருந்து அடையிற வரைக்கும், அக்கா போட்ட நாளு அப்படியே நடந்துச்சு, அதுக்கு அங்கிட்டு ஒரு அடி தள்ளுனா ஒண்ணும் கெடையாது. கொடை நாள் அன்னைக்குக் கொடைய விரிச்சவனுக்கு விரிச்ச எடத்துல, கொடைக்கு உள்ளுக்குள்ள மட்டும் மழை பேஞ்சுச்சு, வெளிய சுள்ளுன்னு வெயிலு. கரிசக்காட்டு ஊரு, பதினோரு நாளைக்கு ஒருக்காதான் குழாயில தண்ணி வரும், எங்க பொம்பளைங்க ஒரு நிமிசம் கூட அதிசயிச்சு நிக்கல, தெருவுல வரிசையா குடத்த வச்சு, குடத்துக்கு மேல கொடைய விரிச்சுக் கட்டி, அண்டா, வாளி, ஈயச் சட்டி, தொட்டின்னு நெறச்சுத் தள்ளிட்டாங்க, கொடை இல்லாதவங்களுக்கு நகராட்சியில இருந்து கொடை குடுக்கணும்னு சேர்மன் வீட்டுக்கு முன்னாடி மறியலே நடந்துச்சு. கொட்டாவி நாள் அன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டரும் கைதியும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாயப் பொளந்து எஃப்ஐஆர் எழுத முடியாம, போயிட்டு நாளைக்கு வான்னு அனுப்பிட்டாங்க.

ஊரு இதுக்கு ஒரு ஒழுங்கு வச்சுக்கிருச்சு. வியாபாரிகள் சங்கத்துல வெள்ளிக்கிழமை தோறும் வாரநாள் அறிவிப்புன்னு போர்டு வச்சாங்க, பள்ளிக்கூடத்துல பரீட்சைய அதுக்குத் தக்கன தள்ளி வச்சாங்க, கல்யாணத்துக்கு நாள் பாக்கப் போறவங்க ஜோசியர் கிட்டப் போறதுக்கு முன்னாடி நூலகத்துல வந்து, "அக்கா, அன்னைக்கு ஒண்ணும் போட்டுறாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாவரசு வந்து வடை நாள் கேட்டான், வாத்தியார் ஒருத்தரு நூத்துக்கு நூறு நாள் கேட்டாரு, சேர்மன் ஆளுங்க வந்து வாழ்க நாள்னு ஒண்ணு போடச் சொன்னாங்க. அக்கா எல்லாரையும் உக்கார வச்சுத் தண்ணி குடுத்து, பாக்கலாம்யா, பாக்கலாம்யான்னு அனுப்பி வச்சாங்க. ஃபேஸ்புக் பக்கத்துல ஆளு எண்பதாயிரம் ஆயிருச்சு, கனடாவுல இருந்தெல்லாம் எழுதுறான், அக்கா மூக்குக்கண்ணாடிய மாத்திட்டு இன்னமும் ஒவ்வொரு பேரா வாசிச்சிட்டு இருந்தாங்க.

புரட்டாசியில மகள் நாள்னு ஒண்ணு வந்துச்சு. அத அக்காவே தேடி எடுத்துட்டு வந்தாங்க. வாகைக்குடி மக அத்தனையும் வீட்டுக்கு வந்து சேந்துரும்னு அக்கா நெனச்சிருந்தாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், ரயில்வே கேட்ட நாங்க மறந்துட்டோம். அன்னைக்கு மத்தியானம் ஊர்ல இருக்கிற அப்பன்மார் எல்லாம் அவன் அவன் செஞ்ச சோலியப் போட்டுட்டு வீட்டுக்குப் போயி, கையக் கழுவி, சோத்தப் பெசஞ்சு உருட்டி மக வாயில ஊட்டுனாங்க, பேரப்பிள்ளை எடுத்த மகளுக்கும் ஊட்டுனாங்க, மக கிட்டப் பேச்சுவார்த்தை இல்லாதவனும் அழுதுட்டே ஊட்டுனான். சீனிவேல் அண்ணாச்சியும் கடைய அப்படியே போட்டுட்டுப் போனாரு. வீட்டுக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்து, தயிர் சோத்தப் பெசஞ்சு உருட்டிக் கையில ஏந்திக்கிட்டு, எதுத்தாப்ல ஒருத்தரும் இல்லாம, பொழுது அடையிற வரைக்கும் அப்படியே நீட்டிட்டு இருந்தாராம். சோறு காஞ்சு வெடிச்சுப் போச்சுன்னு அக்கா சொன்னாங்க. மனுசன் கண்ணுல தண்ணி ஊத்திட்டே இருந்துச்சாம்.

"கேட்டுக்கு அங்கிட்டு இருந்து உள்ள வாரது என்ன இருக்கு தம்பி?"ன்னு அதுக்கு அடுத்த வாரம் அக்கா கேட்டாங்க.

"பஸ்ஸு வரும், லாரி வரும்..."

"போன் வரும்ல?"

ஆமாக்கா, வரும்னேன். அவங்க ஒரு பேப்பர எடுத்து என் முன்னாடி வச்சாங்க. மிஸ்டு கால் நாள்னு எழுதியிருந்துச்சு. அப்படி ஒரு நாளு உலகத்துல எங்கயும் இல்லக்கா, நான் பாத்த வரைக்கும் இல்லன்னேன். "இல்லைன்னா நாம வச்சுக்குவோம். அவ என்னைக்காவது ஒரு நாள் கூப்பிட்டிருப்பா, நாந்தான் எடுத்திருக்க மாட்டேன்"ன்னாங்க.

ஐப்பசி மாசம் ஒரு புதன்கிழமை. முந்தின ராத்திரியே ஊரு தயாராயிருச்சு. கரண்டு ஆபீஸ்ல இருந்து அன்னைக்கு ஒரு நிமிசம் கூட நிறுத்த மாட்டோம்னு வாக்குக் குடுத்தாங்க, கோயில், சர்ச்சு, பள்ளிவாசல் மூணுலயும் மைக்கு வேண்டாம்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க, சலூன்காரர் கண்ணாடி லைட்டெல்லாம் கழட்டி ஊருக்கே சார்ஜ் போட வழி பண்ணி வச்சாரு. சூரியன் தலைய நீட்டுனதும் மொத மணி அடிச்சது. அப்புறம் தெருத்தெருவா அடிச்சது. எடுக்காம விட்ட போன் காலு, எடுத்துப் பேச விடாம வெட்டுன காலு, எத்தனை வருசத்துக்கு முந்தினதா இருந்தாலும் அது வந்துச்சு, பச்சைப் பட்டன அமுக்கிக் காதுல வைக்கிற வரைக்கும் அது ஓயல, ஆஃப் பண்ணி வச்ச போனும் அடிச்சது.

பழைய லோன்காரப் பொம்பளைங்க குரலும் வந்துச்சு, சண்டை போட்டுப் பிரிஞ்ச கூட்டாளி குரலும் வந்துச்சு. ஜெராக்ஸ் கடை ராஜமோகனுக்குப் பதினோரு வருசத்துக்கு முந்தி வந்த இன்டர்வியூ காலு வந்துச்சு, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்கன்னு அந்தப் பக்கம் சொல்ல, இவன் சரிங்க சார் சரிங்க சார்னு சொல்லி வச்சிட்டு, வீட்டுக்குப் போயி சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டு உக்காந்துட்டான். நாவரசுக்கு அவன் அம்மா கூப்பிட்டிருந்துச்சு. எட்டு வருசத்துக்கு முந்தி, கடையில கூட்டம்னு அவன் எடுக்காம விட்டது, அன்னைக்குச் சாயங்காலமே நெஞ்சு வலியில அந்தம்மா போய்ச் சேந்தாங்க. அவன் எடுத்த எடுப்புல, "அம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, சாயங்காலம் வரைக்கும் இருக்காத"ன்னு கத்துனான். அந்தப் பக்கம் சர்ருனு ஒரே இரைச்சல், "என்னப்பா, காத்தா அடிக்குது, ஒண்ணும் கேக்கல"ங்குது அந்தம்மா. மூணு தடவ கத்திப் பாத்தான், மூணு தடவையும் இரைச்சல்தான். அப்புறம் தொண்டையச் செருமிக்கிட்டு, "சாப்பிட்டியாம்மா?"ன்னான். அது மட்டும் கேட்டுச்சு. "சாப்பிட்டேன்யா, நீ சாப்பிட்டியா?"ன்னு பதிலும் வந்துச்சு. அதுல இருந்து ஊருக்கு விசயம் வெளங்கிருச்சு, பின்னால நடந்தத மாத்துற பேச்சு எதுவும் அங்கிட்டுப் போகாது, அந்தந்த நாள்ல பேசியிருக்க வேண்டிய பேச்சு மட்டுந்தான் போகும். அன்னைக்கு ரோட்டுல நின்னு அழுதவங்கள யாரும் வேடிக்கை பாக்கல, சைக்கிள்ல வந்தவங்க கூட எறங்கி உருட்டிட்டுப் போனாங்க.

அக்கா நூலகத்து மேசையில போன நடுவாந்திரமா வச்சிட்டு, குளிச்சு, புதுச்சேலை கட்டி, உக்காந்திருந்தாங்க. அடிச்சது. பேப்பர் போடுறவரு. அடிச்சது. ஜில்லா நூலகத்துல இருந்து யாரோ. மத்தியானம் நான் சாப்பாடு கொண்டு போனேன், தொடல. மூணு மணிக்கு மேல அந்தப் போன் சத்தமே இல்லாமப் போச்சு. அப்பத்தான் அக்கா என்னைய நிமிர்ந்து பாத்து, "தம்பி, அவளுக்கு இந்த நம்பரே தெரியாதே"ன்னாங்க. பழைய சிம்மை மூணு வருசத்துக்கு முந்தியே ஒடிச்சாச்சு, அந்த நம்பருக்கு எத்தனை தடவ அடிச்சிருந்தாலும் அது மணி அடிக்க இந்த ஊர்ல ஒரு போன் கெடையாது. இத எங்க ரெண்டு பேருக்கும் கார்டு போடுறப்பத் தோணல பாருங்க, தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு எனக்கு. அவங்கள எப்படித் தேத்தறதுன்னு தெரியாம கடைக்குத் திரும்பிட்டேன்.

கடைக்கு வந்து கதவத் தொறக்கேன், எதுத்தாப்ல புண்ணாக்குக் கடையில இருந்து ஒரு மணிச் சத்தம் கேக்குது. ஓயவே இல்ல. சீனிவேல் அண்ணாச்சி கல்லாவுல உக்காந்து ரெண்டு கையாலயும் காதப் பொத்திட்டு இருந்தாரு, அவரோட பட்டன் போன் எங்கன்னு பாத்தா கண்ணுல தெரியல, சத்தம் மட்டும் ஒரு தவிட்டு மூட்டைக்குள்ள இருந்து வருது, உள்ள ஆழமாப் பொதச்சு வச்சிருக்காரு மனுசன். "அண்ணாச்சி, யாரு அது?"ன்னேன். அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு. காலைல இருந்து இப்படித்தான் அடிச்சுக்கிட்டுக் கெடக்குன்னு பக்கத்துக் கடைக்காரரு சொன்னாரு. நான் எதையும் யோசிக்கல. மூணு வருசத்துக்கு முந்தி யோசிச்சு வாயப் பொத்துனது போதும்னு ஓடுனேன், நூலகத்து வாசல்ல நின்னு, "அக்கா, அண்ணாச்சி போன் அடிக்குது, வாங்க"ன்னேன்.

அக்கா ஓடி வந்தாங்க. மூட்டையப் பிரிச்சு, புதுச்சேலையோட கையத் தோள்பட்டை வரைக்கும் உள்ள விட்டுத் துழாவி, அந்தப் போன வெளிய எடுத்து, தவிட்ட ஊதித் தள்ளிட்டுப் பச்சைப் பட்டன அமுக்குனாங்க. பழைய போன், அடுத்த ஆளுக்குக் கேக்குற மாதிரி சத்தம்.

"மாமா, திலகன் பேசுறேன், வச்சிராதீங்க மாமா. மஞ்சரிக்கு டெங்கு காய்ச்சல். ரத்தத்துல என்னமோ கொறஞ்சுட்டே போகுதுங்காங்க, டாக்டரு கைய விரிச்சுட்டாரு. அத்தை குரலக் கேக்கணும்ங்கறா. ஒரு நிமிசம் மாமா, அத்தைகிட்டக் குடுங்க."

"நான் அத்தைதான்யா. அவகிட்டக் குடு."

போன் கை மாறுற சரசரப்பு. அப்புறம், "அம்மா"ன்னு கேட்டுச்சு.

அக்கா தவிட்டு மூட்டை மேலயே உக்காந்துட்டாங்க. "எந்த ஆஸ்பத்திரிடி, சொல்லு, இப்பவே பஸ் ஏறி வாரேன்"னாங்க. சர்ருனு இரைச்சல். "ரத்தம் நான் தாரேன், என்னுதும் உன்னுதும் ஒண்ணுதான்"னாங்க. இரைச்சல். "கேக்கலம்மா, என்ன சொல்ற?"ங்குது அந்தப் பிள்ளை. அக்காவுக்கு அப்பப் புரிஞ்சுருச்சு. இது என்னிக்கோ வந்த காலு. ஒரு கையால வாய இறுக்கிப் பொத்திக்கிட்டு, கண்ண மூடித் தொறந்து, கையை எடுத்துட்டுச் சாதாரணமா, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க.

"சாப்பிட்டேன்மா. கஞ்சி."

"தலை சீவி விட்டாங்களா? சிக்கு விழ விடாத. கழுத்துல வேர்க்கும், முடியத் தூக்கிக் கட்டச் சொல்லு."

"ம்."

"கோவம் எல்லாம் ஒண்ணும் இல்லடி உம்மேல."

"அப்பாவுக்கு?"

அக்கா அண்ணாச்சியப் பாத்தாங்க. அவரு கல்லாவுல இருந்து எறங்கித் தரையில உக்காந்திருந்தாரு. "அப்பா பக்கத்துலதான் இருக்காரு. அழுறாரு"ன்னாங்க.

"பிளாக்கு நீதான எழுதுற? கரையான் புடிச்சது, குழாயில தண்ணி வராதது எல்லாம்? தினம் பாக்கேன்மா. கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல அதத்தான் வாசிப்பேன். லைக் போட்டா அப்பா கண்ணுல பட்டு உனக்குத் திட்டு விழும்னுதான் போடல."

அக்கா போன இன்னும் இறுக்கிக் காதோட வச்சாங்க. அதுக்கப்புறம் என்னென்னமோ பேசுனாங்க, கரையான் அரிச்ச அலமாரிய மாத்திட்டாங்களான்னு அது கேட்டுச்சு, மாத்தலன்னு இவங்க சொன்னாங்க, திலகன் நல்லாப் பாத்துக்கிடறானான்னு இவங்க கேட்டாங்க, தங்கமா பாத்துக்கிடறான்மான்னுச்சு. அந்தப் பிள்ளை குரல் வரவரச் சன்னமாயிட்டே வந்துச்சு.

"கை வலிக்கும்மா. வச்சிரட்டுமா?"

"வைக்காத. காதுலயே இருக்கட்டும். நீ பேச வேண்டாம், நான் பேசுறேன், நீ ம்னு மட்டும் சொல்லு"ன்னாங்க அக்கா.

அவங்க பேசுனாங்க. ம் வந்துச்சு. அப்புறம் ம் நின்னு மூச்சு மட்டும் வந்துச்சு. சூரியன் பைபாஸுக்கு அங்கிட்டு எறங்குனதும் போன் தன்னால அணைஞ்சுருச்சு.

அண்ணாச்சி தரையப் பாத்துட்டே சொன்னாரு. "இந்தக் காலு வந்து ரெண்டு வருசம் முடிஞ்சுருச்சு பாக்கியம். அவன் பேச ஆரம்பிச்சதும், எங்க பொண்ணு செத்து ஒரு வருசமாச்சுன்னு சொல்லி வெட்டி விட்டுட்டேன். மறுநாள் காலைல முடிஞ்சு போச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன், நாந்தான் ஏற்கெனவே அவளுக்கு மாலை போட்டுட்டேனே."

ரெண்டு வருசம்னா, இடது கை நாள் போட்டப்பவே அந்தப் பிள்ளை இல்ல. அந்த நாலாயிரம் பேரையும், எண்பதாயிரம் பேரையும், விரல வச்சு அக்கா வாசிச்சது எல்லாம், அண்ணாச்சி எல்லாம் தெரிஞ்சே பாத்துட்டுத்தான் இருந்திருக்காரு. அக்கா அவரத் திட்டல, அடிக்கல. போன மடியில கட்டிட்டு வீட்டுக்கு நடந்தாங்க. மிஸ்டு கால் நாள் பதிவு லட்சம் லைக்கத் தாண்டிப் போயிருக்குன்னு ராஜமோகன் அயர்ன் பண்ணுன சட்டையோட வந்து எங்கிட்டக் காட்டுனான், நான் அவன வாயில வந்தபடி ஏசி அனுப்பிட்டேன்.

மறுநாள் காலைல அக்கா என் கடைக்கு வந்தாங்க. முதுகுக்குப் பின்னாடி நாலடி தள்ளி அண்ணாச்சி, கடைப் படி ஏறாம ரோட்டுலயே நின்னாரு. அக்கா மடியில இருந்து போன எடுத்து, "இந்த நம்பரப் போட்டுக் குடு தம்பி, எனக்குக் கை வரல"ன்னாங்க. போட்டேன். ரெண்டாவது ரிங்குலயே எடுத்துட்டாங்க, பின்னாடி தையல் மிஷின் சத்தம்.

"திலகனாய்யா? மஞ்சரி அம்மா பேசுறேன்."

மிஷின் சத்தம் தூரமாப் போச்சு. எந்திரிச்சு வெளிய வந்துட்டான் போல. "அவ இல்ல அத்தை"ன்னான்.

"தெரியும்யா."

"மாமாகிட்டச் சொன்னேன் அத்தை. வச்சிட்டாரு. உங்க பழைய நம்பருக்கு எத்தனையோ தடவ அடிச்சுப் பாத்தோம், சுவிட்ச் ஆஃப்னே வந்துச்சு. அன்னைக்கு மாமா வச்சதும் அவகிட்ட என்னன்னு சொல்றதுன்னு தெரியாம நிக்கேன், அவளா எங்கையில இருந்து போன வாங்கிக் காதுல வச்சா. அம்மான்னா. லைன் இல்லைன்னு எனக்குத் தெரியும், திரை அணைஞ்சு போச்சு, நான் பாத்தேன். ஆனா அவ பேசுறா அத்தை. சாப்பிட்டேன்மாங்கறா, மூணு நாளா பச்சத்தண்ணி எறங்கல அவளுக்கு, கஞ்சின்னு பொய் சொல்லுறா. காய்ச்சல்ல உளறுதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. என்னையக் கூப்பிட்டு, முடியத் தூக்கிக் கட்டி விடுன்னா, கட்டி விட்டேன். அப்புறம் ம், ம்னு கேட்டுட்டே படுத்திருந்தா. சிரிச்ச முகமாத்தான் இருந்தா அத்தை. கையில இருந்து போன எங்களால எடுக்கவே முடியல, காதோட வச்ச வாக்குல அப்படியே..."

ரோட்டுல அண்ணாச்சி ஃப்ளெக்ஸ் சட்டத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, அவரு தோள் குலுங்குனது எனக்குத் தெரிஞ்சது. அக்கா கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல, போன ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாங்க.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருசமா மனசப் போட்டு அரிக்குது. அன்னைக்கு லைன்ல யாராவது இருந்தாங்களா?"

"நாந்தான்யா இருந்தேன்"னாங்க அக்கா. "நேத்துப் பொழுது அடையிற வரைக்கும் இருந்தேன்."